அழுத்தாத பொத்தான்

துலூத் நகரில், ஏரியின் ஓரம் உறையத் தொடங்கிய வாரம்,
மூன்றாம் முறையாகக் கடைக்கு வந்தார் ரெய்னோ கங்காஸ்.
கையில் ஒரு தாள். தாளின் நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு.
இந்தப் பக்கம் அறுநூறு டாலர் ரிசீவர்,
அந்தப் பக்கம் எண்ணூறு.

ஏழு சேனல். ஏழு சேனல்.
தொண்ணூறு வாட். தொண்ணூற்றைந்து.
ஹெச்டிஎம்ஐ துளை ஆறு. இங்கே ஏழு.
"அந்த ஏழாவதில் எதைச் செருகுவீர்கள்?" என்றேன்.
"தெரியாது.
இல்லாவிட்டால்தான் அதன் நினைப்பாகவே இருக்கும்."

இரண்டின் மூடியையும் கழற்றிப் பார்த்தவன் நான்.
ஒரே வயிற்றில் பிறந்தவை.
அதே டிரான்ஸ்பார்மர், அதே வெப்பத் தகடுகள்,
ஒன்றில் மட்டும் நான்கு திருகுகள் செம்பில்.
முகப்பில் கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே
எள்ளளவு கறுப்பு.
"வித்தியாசம் உண்டு" என்று சொல்ல
எனக்கு நூற்றுக்கு நான்கு கமிஷன்.

சோபாவில் உட்காரவைத்தேன்.
சோதனை வட்டைச் சுழலவிட்டேன்:
தகரக் கூரையில் மழை,
பிறகு ஒரு செலோ,
பிறகு ஏதோ அறையில் கண்ணாடி உடைகிறது.
"இது முதலாவது."
அவர் மனைவி லோர்னா கழிவறைச் சாவி கேட்டார்.
எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி
"இனி இரண்டாவது" என்றேன்.

மறுபடி மழை. மறுபடி செலோ.
ரெய்னோ கண்ணை மூடியிருந்தார்.
"இதோ," என்றார், "இதில்தான் செலோவுக்கு மரம் இருக்கிறது.
முன்னதில் வெறும் கம்பி."

அப்போதுதான் பார்த்தேன்.
தேர்வுப் பெட்டியில் சிவப்பு விளக்கு
முதலாவதின் மேலேயே எரிந்துகொண்டிருந்தது.
நான் பொத்தானை அழுத்தவே இல்லை.

விழுங்கியிருக்கலாம்.
இரண்டு கமிஷனுக்கும் இடையே எட்டு டாலர்,
ஒரு வேளை சூப்பும் ரொட்டியும்.
கம்பி என்று மட்டும் சொல்லியிருந்தால் விழுங்கியிருப்பேன்.
மரம் என்றார்.
சொல்லிவிட்டேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன்.
இடக் காதுக்குள் விரலை விட்டு
பட்டாணி அளவில் ஒன்றை எடுத்து
கண்ணாடி மேசையில் வைத்தார்.
"முதல் மழையில் இது விசிலடித்தது.
நடுவில் ஒரு படி ஏற்றினேன்."
முப்பத்தொரு வருஷம் தாதுக் கப்பல்களின் எஞ்சின் அறை.
மாறியது பெட்டி அல்ல,
ஆனால் மாறியது.

லோர்னா சாவியோடு திரும்பிவந்தார்.
"நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று
இருபது வருஷம் சண்டை பிடித்தேன்.
காதில் போட இதை வாங்கிய பிறகு
எதற்குச் சண்டை போடுவது என்று தெரியவில்லை."

கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதியது.
ஒன்று நீளம், இரண்டு குட்டை.
ஜன்னல் அதிர்ந்தது, விற்காத ஸ்பீக்கர்களின்
வலைத்துணி அதிர்ந்தது.
காதில் ஒன்றுமில்லாத ரெய்னோ
மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்து
அது முடியும்வரை எடுக்கவில்லை.
வாட் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு தாளை அந்தக் கோட்டிலேயே மடித்து
சட்டைப் பையில் வைத்தார்.
அறுநூறுதான் என்று எடுக்கப் போனேன்.
"எண்ணூறு," என்றார்.
"ஏன்?"
"ஏழாவது துளை."
லோர்னா கூரையைப் பார்த்தார்.

வண்டியில் ஏற்றினோம். பனி தூறியது.
பெட்டியின் மேல் தன் கோட்டைப் போர்த்தினார்,
குளிரில் கைக்குழந்தைக்குப் போல.

கடையை மூடும் நேரம்.
எண்ணூறின் இடத்தில் இன்னொரு எண்ணூறை வைத்து
தனியாக சோபாவில் உட்கார்ந்தேன்.
கண்ணை மூடி, எது எதுவென்று மறந்துபோகும்வரை
அழுத்தினேன், அழுத்தினேன்.
செலோ. செலோ. செலோ.
ஒரே ஒருமுறை ஏதோ கேட்டது போலிருந்தது.
தெருவில் உப்புத் தூவிப் போன லாரியாகவும் இருக்கலாம்.
மறுபடி மழையிலிருந்து ஆரம்பித்தேன்.