மூன்றிலிருந்து ஆறு

சாவியை ஜைத்தூன் கையில் கொடுத்தேன்.
"ஆறு வரைக்கும் நான் பாத்துக்கறேன், நீ கெளம்புண்ணே."
உள்ளேயிருந்து பெர்னதெத் கேட்டாள்:
"அந்த ஆள் போறாரே, யாரு?"

பழைய வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில்
எதுவும் வாங்கவில்லை.
நாலு தடவை இடுப்பைத் தடவினேன், சாவி இல்லை.
நாலு தடவையும் திக்கென்றது.

கல்மண்டபம் பக்கம் ஒரு சலூன்.
கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார்.
தினம் மூன்று வேளை
அவள் கழுத்தில் நான் துண்டு கட்டுகிறவன்;
அந்த ஞாபகத்தில்
வாயைத் திறந்துவிட்டேன்.
சலூன்காரர் கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வேறொருவர் கை என் தலையைப் பிடித்து
இப்படித் திரும்பு, அப்படிக் குனி என்றது.
எத்தனை வருஷம் ஆச்சு
சொன்னபடி கேட்டு.
தூங்கிப்போனேன்.
வெளியே துறைமுகத்து லாரிகள்
ஒன்றையொன்று வைதுகொண்டிருந்தன.

எழுப்பும்போது ஐந்தரை.
காத்திருந்த இரண்டு பேர்
ஒரே பேப்பரைப் பங்குபோட்டுப் படித்தார்கள்.

தெருமுனைக்கு வந்தபோது
இன்னும் பத்து நிமிஷம் மிச்சம்.
எங்கள் ஜன்னல் தெரிந்தது. அவள் குரலும் கேட்டது.
டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஒதுங்கி
நின்று
அதையும் செலவழித்தேன்.