பேச்சுவார்த்தை

ஏழாம் படுக்கை. சற்குணம். நாற்பத்தோரு வயது.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்.
காய்ச்சல் இறங்கிவிட்டது,
வென்டிலேட்டரைக் கழற்றி இரண்டு நாள்.
இதயம் எண்பத்தெட்டு, மூச்சு பதினெட்டு,
ரத்த அழுத்தம் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே.
டியூட்டி டாக்டர் சார்ட்டைப் புரட்டினார்,
ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடினார்.

எண்களுக்கு நடுவில்தான் எனக்கு வேலை.
மூச்சு உள்ளே போகையில் இதயம் கொஞ்சம் ஓடும்,
வெளியே வருகையில் நடக்கும்.
ஆழ்ந்த தூக்கத்தில் இந்தக் கோடு
தாம்புக்கயிறாய்த் தடிக்கும்;
கனவு வந்தால் நூலாகும்.
மூளை, கண், தாடைத் தசை, விரல்நுனிச் சூடு என்று
எட்டுப் புள்ளிகள், இருபத்தெட்டுக் கோடுகள்.
காட்பாடி ஜங்ஷனில் ஒரு வண்டி தாமதித்தால்
இன்னொன்றைப் பிடித்து வைப்பார்களே,
அப்படி ஒன்றுக்காக ஒன்று நிற்பது.

அவள் திரையில் பத்தொன்பது கோடுகளைக் காணோம்.
இதயம் அடிக்கிறது,
சுவர்க்கடிகாரம் போல,
யாரையும் கேட்காமல்.

வேலூர் வெயில் ராத்திரியிலும் சுவரை விட்டுப் போவதில்லை.
வராந்தா பெஞ்சில் அவள் புருஷன் கோதண்டன்.
கீழே ஜார்க்கண்ட் குடும்பமொன்று
எக்ஸ்ரே உறைகளைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறது.
"இன்னாம்மா கெட்டுப்போச்சு? ஈரலா? கிட்னியா?"
"எதுவும் கெடலைங்க.
ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இல்ல."
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் பெஞ்சின் மறுகோடியைப் பார்த்தார்.
அங்கே அதே மூக்கோடு இன்னொருவன்,
சற்று இளையவன், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல்.
"ஆறு வருசம். ஒரு கெணத்துக்கு," என்றார்.
"ரெண்டு பேரும் நல்லாத்தான் கீறோம்."

மூன்று நாற்பதுக்கு
மூச்சுக்கும் இதயத்துக்கும் இடையில்
மயிரிழை போல ஒரு கோடு.
நர்ஸ் ஷீபா அவளைப் புரட்டிப் படுக்க வைத்த
அசைவாக இருக்கலாம்.
அந்த நிமிடங்களை வெட்டிவிட்டு ஓட்டினேன்: இருந்தது.
துடிப்புகளின் வரிசையை நூறு தடவை
சீட்டுக்கட்டாய்க் கலைத்துப் பார்த்தேன்.
கலைத்த எதிலும் அது வரவில்லை.
எது எதை இழுத்தது என்று கேட்டால்
இன்னும் தெரியாது.

சொல்லலாமா என்று வெளியே வந்தேன்.
இருவருக்கும் நடுவே அந்த ஐந்தடி அப்படியே.
தூக்கத்தில் தம்பி இருமினான்.
ஒன்றரை விநாடி கழித்து
கோதண்டன் நீட்டியிருந்த காலை மடக்கினார்.

ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து
எதையும் எழுதக்கூடாது.
நேரத்தை மட்டும் குறித்தேன்.