கிடைத்தது: பூஜ்யம்

நவம்பரில் வூச் நகரம்
மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும்.
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
எட்டாயிரம் ஜோடி வீட்டுச் செருப்புகள்
பெட்டிக்குள் கிடந்தன.
விற்பனை சரிந்ததற்கு
ஸெனோன் குளிரைக் குறை சொன்னார்:
இந்த வருஷம் அது போதவில்லையாம்.

இணையக் கடைக்கு வந்தவர்கள்
தேடல் பெட்டியில் தட்டியதையெல்லாம்
இறக்கிவைத்துப் படித்தேன்.
யாரும் அதுவரை திறக்காத கோப்பு.
நாற்பத்தோராயிரம் வரி.
நேரம், சொல், கிடைத்த எண்ணிக்கை.

போஸ்னானிலிருந்து 'லாச்கி' கேட்டிருக்கிறார்கள்.
கிடைத்தது: பூஜ்யம்.
பியாவிஸ்தோக்கிலிருந்து 'ச்சாப்பி'.
பூஜ்யம்.
எங்கள் பலகைகளில் எல்லாம் 'காப்ச்சே'.
மூன்றும் ஒரே செருப்பு.
சரக்கை முதுகுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு
வாசலில் நின்று கையை விரித்திருக்கிறோம்,
இரண்டு வருஷமாக,
ஒரே பாஷைக்காரர்களிடம்.

நானே போஸ்னான்காரிதான்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் நான் லாச்கி என்றபோது
கிடங்கே சிரித்தது.
அப்புறம் என் வாயும் திருந்திவிட்டது.

ஒருவர் செம்மறித்தோல் என்று எழுத
நாலு தடவை முயன்றிருக்கிறார்.
மூன்று தடவை மூன்று விதமான பிழை.
நாலாவது தடவை
வெறும் ஒரு கேள்விக்குறி.
போய்விட்டார்.

அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
'சத்தம் போடாத'.
மூன்று பதிமூன்றுக்கு
'சத்தம் போடாத குழந்தை தூங்குது'.
கம்பளி அடிப்பாகம் வைத்தது
இருநூறு ஜோடி இருந்தது எங்களிடம்.
அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர்
மாடல் கே-17.

ஒரு வாரம் சொல்லுக்குச் சொல் முடிச்சுப் போட்டேன்.
லாச்கிக்கும் காப்ச்சேக்கும்.
பிழைக்கும் பிழைத்திருத்தத்துக்கும்.
தூங்கும் குழந்தைக்கும் கே-17க்கும்.
பன்னிரண்டாம் நாள்
ஒட்டும் நாடா தீர்ந்துபோய்
காசியா கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

ஸெனோன் தொகையாகக் கேட்டார்.
பதினோராயிரத்து நானூறு ஸ்வோட்டி, மீண்டது.
மீண்டது என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது;
நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல்
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

ஒரு வரிக்கு மட்டும் முடிச்சு அகப்படவில்லை.
'இடது கால் மட்டும் 43'.
பிப்ரவரியில் ஒன்று, மேயில் ஒன்று, அக்டோபரில் ஒன்று.
ஒரே ஆளா, மூன்று பேரா?
கோப்பில் பெயர் இருக்காது.

ஒற்றையாக விற்போம் என்றேன்.
மிச்சமாகும் வலதை
உன் தலையில் மாட்டிக்கொள்வாயா என்றார்.
கோப்புக்கே திரும்பிப் போய்த் தேடினேன்.
'வலது மட்டும்' இருந்தது, ஜூலையில்!
ஓடிப்போய்க் காட்டினேன்.
அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
வரியைக் கடைசிவரை படித்தார்:
அளவு 38.

சிரித்துவிட்டோம் இரண்டு பேரும்.
சிரித்து முடித்ததும் அவர் சொன்னார்,
போடு, பாதி விலை.

இப்போது என் மேசை மேல்
வலது 43, இடது 38,
எந்த வீட்டுக்கும் பொருந்தாத ஒரு ஜோடி.
காசியா அதில் பேனா போட்டு வைக்கிறாள்.

இன்று காலை ஆறு நாற்பதுக்கு
யாரோ 'இடது கால் மட்டும்' தட்டியிருக்கிறார்கள்.
கிடைத்தது: ஒன்று.
பதினோரு நிமிஷம் அந்தப் பக்கம்
திறந்தே இருந்திருக்கிறது.
வாங்கவில்லை.
வேறெதையும் தேடவுமில்லை.