ஒட்டுக்குக் கீழே

புத்தகம் வடக்கே அச்சானது.
அதில் ஏப்ரல் என்றால் இங்கே அக்டோபர்.
விரல் விட்டு ஆறு மாதம் கூட்டியபடி படிக்கிறேன்.

ஹோபார்ட். மலைக்காற்று நேரே இறங்கும் தோட்டம்.
ரோவீனா நட்ட செர்ரி.
காய்க்காது, காய்க்கும் என்று வாங்கவும் இல்லை.
நெஞ்சுயரம் வரை நேர்த்தண்டு,
அங்கே வீங்கிய ஒரு முடிச்சு, நர்சரியில் ஒட்டுப்போட்ட இடம்.
அதற்கு மேல் எல்லாக் கிளையும் தரையைப் பார்க்கும்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது
மரத்துக்கு நான்கு வயது,
டாம்சினுக்கு ஒன்பது.

குளிர்காலத்தில் கத்தரியைத் தொடக்கூடாது.
ஈரத்தில் வெட்டுவாய் மூடாது, நோய் புகும்.
பூ முடிந்து, இலை தடித்து,
மழையில்லாத வாரமாகப் பார்த்துக் கழிக்க வேண்டும்.
இதை நான் கற்றது
ஒரு ஜூலையில் வெட்டித் தொலைத்த பிறகு.
பட்டையில் தேன்நிறப் பிசின் கட்டிகட்டியாக வழிந்தது.
டாம்சின் நகத்தால் ஒன்றைப் பெயர்த்து
வெயிலில் பிடித்தாள்.
மரம் அழுகிறதா என்று கேட்பாள் என நினைத்தேன்.
"உள்ள எறும்பு மாட்டியிருக்கு" என்றாள்.

டிசம்பரில் கரும்புழு.
நத்தைக்குட்டி போல வழுவழுவென்று
பச்சையைச் சுரண்டித் தின்று
இலையை வலையாக்கிவிடும்.
அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினோம்.
எந்தச் சல்லடை என்று ரோவீனாவுக்கு இன்றுவரை தெரியாது.
தளிர் மேய வரும் போசத்துக்காகத்
தண்டைச் சுற்றித் தகரம் கட்டினேன்.
முதல் இரவு அது ஏறி, சறுக்கி, தொப்பென்று விழ
நானும் டாம்சினும் சிரித்தோம்,
ஒரே நேரத்தில்,
வேறு வேறு அறையில்.

பிறகு அந்தக் குச்சி.
தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வேரிலிருந்து,
குனியத் தெரியாத நேராக.
இரண்டு கோடையில் என் தோளைத் தாண்டியது.
"அடியில இருக்கிற மரம் இது.
மேல இருக்கறது கொண்டுவந்து ஒட்டினது."
"எது நிஜம்?"
இரண்டும் என்று சொல்லியிருக்கலாம்.
"இதை விட்டா சாப்பாட்டை எல்லாம் இதுவே எடுத்துக்கும்.
மேல இருக்கறது காஞ்சுபோயிடும்" என்றேன்.
சொன்ன வாய் மூடவில்லை,
சுத்தியல் பட்ட விரலாக வலித்தது எதுவோ.
அவள் சாதாரணமாகத்தான் நின்றாள்.
நான்தான் மண்வெட்டியைத் தேடினேன்,
கையில் வைத்துக்கொண்டு.

நறுக்கினால் ஒன்று நான்காகும்.
தோண்டி, பிறந்த இடத்திலேயே பிய்க்க வேண்டும்.
ஆகஸ்ட் காலை, மலை வெளுத்திருந்தது.
டாம்சின் மண்டியிட்டாள்.
"முழுசா வரணும்."
வந்தது, விரல்நீள வேரும் கொஞ்சம் நூல்வேருமாக.
பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு நட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளை
அவள் அப்பா வீட்டில் விடும் முறை.
டெவன்போர்ட் வரை பின்சீட்டில்
வாளிக்கும் பெல்ட்.
மூன்று மணி நேரம் குச்சியின் நுனி
கார்க் கூரையில் உரசிக்கொண்டே வந்தது.

கெல்வின் வாசலில் நின்றிருந்தார்.
"என்ன மரம்?"
"செர்ரி. பழம் வரும். புளிக்கும்."
வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு
எங்கே நடலாம் என்று என்னையே கேட்டார்.
கழிவுக் குழாயிலிருந்து தள்ளி, என்றேன்.
மூடாக்குப் போட்டால் தண்டைத் தொடாமல்.
குளிரில் கத்தரி வேண்டாம்.
தலையாட்டினார்.
டீ குடிக்கிறீர்களா என்றார்.
குடித்தேன், நின்றபடி.

இன்று அக்டோபர், புத்தகத்தில் ஏப்ரல்.
எங்கள் மரம் புல்லைத் தொடும்வரை பூத்திருக்கிறது.
இரண்டு கிளிகள் மொட்டைக் கடித்துக் கடித்துத் துப்புகின்றன.
துரத்தவில்லை.
பிய்த்த இடத்தில் மண்ணை விரலால் விலக்குகிறேன்.
நகக்கண் அளவு, சிவப்பாக,
இன்னொன்று.