முன் அனுபவம்

"குரல் உண்டு. ஆனால் மலையாள வாடை"
என்று எழுதி அனுப்பினார்கள் வானொலியில்.
இரண்டாம் முறை
அதைக்கூட எழுதவில்லை.

இப்போது களியக்காவிளை பேருந்து நிலையத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறேன்.
நெய்யாற்றின்கரை, பாறசாலை, மார்த்தாண்டம்,
கழிப்பறைப் பக்கம் யாரோ மறந்த நீலக் குடை,
எல்லாவற்றையும்
தலைப்புச் செய்தியாகவே வாசிக்கிறேன்.

"பஸ்ஸுக்க பேருதானே விஜிலா,
எதுக்கு இந்த நீட்டல்?"
டைம் கீப்பர் தாசையன் சிரிப்பார்.

நேற்று பாறசாலை வண்டி போன பிறகு
ஒருத்தி வந்து கூண்டைத் தட்டினாள்.
மீன் கூடை இடுப்பில்.
"நீ வாசிச்சத கேட்டோண்டு நின்னுட்டேன் பிள்ளே,
பஸ்ஸு போச்சு."

மன்னிப்புக் கேட்டேன்.
கைதான் நடுங்கியது.

மூன்றாவது விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது.
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
அவளை எப்படி எழுத?
பொறுங்கள்,
மார்த்தாண்டம் வந்துவிட்டது.