ஈரத்துக்குக் கழித்தது போக

சட்டையைக் கழற்றுங்க, என்றார் பெனிட்டா சிஸ்டர்.
ஊட்டி. ஜனவரி. காலை ஆறரை.
வெளியே புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கிறது.
யாரு, நானா, என்றேன்.
அம்மாவுக்கு பி.பி. இறங்கலை.
நீங்கதானே அப்பா, நெஞ்சு இருக்குல்ல?

இருந்தது.
ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர்,
சட்டை, பனியன்,
எல்லாவற்றுக்கும் அடியில்
இதுவரை யாரும் கேட்டு வராத ஒரு நெஞ்சு.

கோத்தகிரிப் பக்கம்
பச்சை இலை எடை போடுகிறவன் நான்.
மழை நாளில் மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரத்துக்குக் கழிப்பேன்.
முகத்தைப் பார்க்காமல் கழிக்கப் பழகியிருக்கிறேன்.
இங்கே தராசில் என் மகளை வைத்தார்கள்.
ஆயிரத்து முந்நூற்று எண்பது.
துணிக்கு முப்பது கழித்து
ஆயிரத்து முந்நூற்று ஐம்பது என்று எழுதினார்கள்.
அந்த முப்பது கிராமுக்காக
வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.

சாய்வு நாற்காலிகள் மூன்று.
நடுவில் இருந்தவனைத் தெரிந்தது. போஜன்.
போன ஐப்பசியில், நாலு கிலோ கழித்துவிட்டேனென்று
மூட்டையை என் காலடியில் கவிழ்த்துவிட்டுப் போனவன்.
இப்போது சட்டையில்லாமல்,
கம்பளிக்கு மேலே
எலிக்குஞ்சுபோல் ஒரு தலை துருத்த,
உட்கார்ந்திருக்கிறான்.
திரும்பிவிடலாமா என்றிருந்தது.
கையில் அவள். எங்கே போவது?

மொதல்ல உள்ளங்கையைத் தேய்ச்சுக்க,
என்றான், சுவரைப் பார்த்தபடி.
சில்லுனு பட்டா திடுக்குனு மூச்சப் புடிச்சுக்கும்.
காலைத் தவளை மாதிரி மடக்கு.
தலையை ஒரு பக்கமாத் திருப்பு. மூக்கைப் பாரு, மூக்கை.
ம். இனி நீ நடுங்காம இரு.

நடுங்கினேன்.
அவன் தன் சால்வையின் பாதியை
பார்க்காமலே என் பக்கம் தள்ளினான்.

ஓரத்து நாற்காலியில் நிசாமுதீன்.
வர்க்கி அடுப்பில் வேலை.
முழங்கை வரை முடி பொசுங்கிய கைகள்.
இரட்டையில் ஒன்று வியாழக்கிழமை போய்விட்டது.
மற்றதை
நெஞ்சின் இடப்பக்கம் மட்டுமே வைத்துக்கொள்கிறார்.
ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

பேசியதெல்லாம் கேரட் விலை.
பர்லியாறில் சரிந்த மண்.
பச்சையாய்ப் போனால் பயப்பட வேண்டுமா.
மனைவி அழும்போது பக்கத்தில் நிற்பதா,
டீ வாங்கப் போய்விடுவதா.
(போகாதே, என்றார் நிசாமுதீன்.
நான் போனேன். அப்புறம் அவள் அழவே இல்லை,
அது இன்னும் மோசம்.)
ஒன்பதாம் நாள் போஜன் கேட்டான்:
உனக்குப் பாசம் வந்துருச்சா?
எனக்கு இன்னும் பயம்தான் வருது.
மானிட்டர் கீச்கீச்சென்றது.
எனக்கும்தான், என்றேன்.
நிசாமுதீன் ஒற்றைக் கையால்
மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.
வர்க்கித் தூள் என் மகளின் தொப்பியில் உதிர்ந்தது.
ஊதிவிட்டோம், மூன்று பேரும்.

வீட்டுக்கு வந்தபின்
இரவு இரண்டரைக்கு வீறிடுகிறாள்.
லைன் வீட்டுத் தகரத்தைக் காற்று தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
தவமலர் தூங்கட்டுமென்று கதவைச் சாத்திவிட்டு
நிசாமுதீனை அழைக்கிறேன்.
அடுப்பு மூட்டும் நேரம், விழித்திருப்பார்.
ஏப்பம் வரலை, என்கிறேன்.
தோளுக்கு மேல போடுங்க, இன்னும் மேல, என்கிறார்,
பின்னால் இரும்புத் தட்டு இழுபடும் ஓசை.
வந்தது.
அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.
அல்லாவே, என்றார், வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் அவர் பிள்ளை தூங்குகிற நேரம் அது.

முதல் கோடை மழைக்கு மறுநாள்
போஜன் மூட்டையோடு வந்தான்.
சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
வரிசை முழுக்க என் வாயைப் பார்த்தது.
முள் ஆடி நின்றது.

எவ்வளவு, என்றான்.

ரெண்டாயிரத்து அறுநூறு.

துணியோடவா?

துணி கழிச்சு.

பின்னால் நின்றவர்கள்
தோள் மாற்றிக்கொண்டார்கள்.