முதல் துண்டு

நேர்கோட்டில் நூற்றிருபது கிலோமீட்டர்,
பறக்கும் நேரம் நாற்பத்தைந்து நிமிடம்,
அதில் பாதி ஏறவும் இறங்கவுமே போய்விடும்.

கோயமுத்தூரில் ஒரு புள்ளி வைத்து
நெடும்பாசேரி வரை மவுஸை இழுத்தால்
கோடு எங்கள் கொழிஞ்சாம்பாறை மேலேயே போகிறது:
பஸ் ஸ்டாண்டு, கள்ளுக்கடை, கோழித்தீவன குடோன்,
ஜெராக்ஸ் எடுத்து டிக்கெட்டும் போடும் என் கடை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெசிந்தா கேட்டாள்:
"மேக்கால பஸ் ஏறினா மூணு மணி நேரத்துல நெடும்பாசேரி.
நான் எதுக்குங்க கெழக்க போகோணும்?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
கொச்சியில் ஏறினால் குவைத்துக்கு இருபத்திரண்டாயிரம்.
கோயமுத்தூரில் ஏறி கொச்சியில் மாறி
அதே விமானத்தில் அதே இருக்கையில் போனால்
பதினேழாயிரத்து எழுநூறு.
கூடப் பறக்கக் காசு குறைகிறது.
இந்தக் கணக்குக்கு எந்த வாத்தியார் மார்க் போட்டாரோ.

"அப்ப டிக்கெட்ட கோயமுத்தூருல போடுங்க,
நான் கொச்சியிலயே போயி ஏறிக்கறேன்."

அதுவும் நடக்காது.
முதல் துண்டில் ஆள் ஏறாவிட்டால்
அடுத்த துண்டு தானாகச் செத்துவிடும்.

கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்தாள்.
பள்ளிக்கூடம் தமிழ், நர்சிங் மலையாளம், இனி அரபி.
"எந்த பாஷையில போட்டாலும் ஊசி வலிக்கும்,"
என்று சொல்லிச் சிரித்து
பாஸ்போர்ட்டை நீட்டினாள்.
போட்டோவில் சிரிப்பில்லை. சிரிக்க விடுவதில்லை.

வேலந்தாவளம் வழியாக உக்கடம், ஒன்றேகால் மணி.
அங்கிருந்து இன்னொரு பஸ்.
இரண்டு மணி நேரம் முன்னாடி போய்க் காத்திருக்க வேண்டும்.
அப்புறம் ஓடுபாதை, அப்புறம்
காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பிய வீட்டுக்கு மேலேயே
ஒன்பதாவது நிமிடத்தில் திரும்பி வருவாள்.
ஒன்பது என்பது நான் போட்ட கணக்கு.
அவளிடம் சொல்லவில்லை.
இரண்டு வருஷ ஒப்பந்தத்தையும்
நிமிடமாக்கிப் பார்த்தேன், அதையும் சொல்லவில்லை.

ஜன்னல் இருக்கைக்கு முந்நூற்றைம்பது கூடுதல்.
வேண்டாமென்றாள். போட்டேன்.
பில்லில் எழுதவில்லை.

ராத்திரி படுத்தபின்தான் உறைத்தது:
நேர் கீழே இருக்கும் ஊர்
எந்த ஜன்னலிலும் தெரியாது.
கோடு இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தால்
இடமோ வலமோ ஏதாவது ஒன்று எடுத்திருக்கலாம்.

புதன்கிழமை. நாலு பத்துக்குப் புறப்பாடு.
நாலு பதினேழுக்கே வெளியே வந்து நின்றேன்.
கணவாய்க் காற்று பேனரைப் படபடவென்று அடித்தது.
ஒரு சத்தம் கேட்டது, அறுவடை மெஷின்.
நாலு பத்தொன்பது.
நாலு இருபத்தைந்து, ஒரு பருந்து.
தாமதமென்றால் போனில் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.

தென்னை ஏறும் பொன்னுமணி வந்து
ரேஷன் கார்டை நீட்டினார், அவசரமாம்.
உள்ளே போய் மூடியைத் தூக்கிக்
கார்டைக் கவிழ்த்து பட்டனை அழுத்தினேன்.
பச்சை வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து
அந்த ஓரத்துக்கு நகரத் தொடங்கியபோது
கூரைத் தகரம் மெல்ல அதிர்ந்தது.

மூடியில் வைத்த கையை எடுக்காமல்
"ஒரு பக்கம் போதுமா?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் வேணும்," என்றார்.